சனிக்கிழமையின் தங்க விலை

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை, காரைக்குடி செக்காலையில் உள்ள எங்கள் வீட்டு முகப்பில் அமர்ந்து, பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் இயங்கும் நிரலாக நான் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்றை இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கத்தின் மதிப்பைத் தாங்கிய டோக்கன் என்னும் மின்னணு வில்லையை அடமானமாக வைத்து, டாலர் மதிப்புள்ள நிலை நாணயத்தைக் கடனாகப் பெறும் ஏற்பாடு அது. எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலையின் அன்றைய நிலையை என் கணினியில் நகலாக எடுத்து, அதன் மேல் ஒப்பந்தத்தை ஓட்டினேன். அடமானம் ஏற்கப்பட்டது, விலை படிக்கப்பட்டது, கடன் வழங்கப்பட்டது. மாலையில் புது நகல் எடுத்து மறுபடி ஓட்டியபோது, நண்பகலில் கண்ட அதே தங்க விலை கடைசி இலக்கம் வரை மாறாமல் வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான், உலகத் தங்கச் சந்தை மூடியிருக்கும் ஒரு நாளில் என் ஒப்பந்தம் எந்தத் தயக்கமும் இல்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

பிளாக்செயினில் இயங்கும் ஒப்பந்தம் தானாக வெளியுலகைப் பார்க்க முடியாது. ஒரு பரிவர்த்தனையை ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே இயக்கி ஒரே விடைக்கு வர வேண்டியிருப்பதால், அவை ஒவ்வொன்றும் ஓர் இணையதளத்தைத் திறந்து விலை கேட்பது நடவாத காரியம். எனவே யாரோ ஒருவர் விலையைக் கொண்டுவந்து சங்கிலிக்குள், அதாவது பிளாக்செயினுக்குள், எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தம் அந்த எழுத்தைப் படிக்கும். அப்படி எழுதி வைக்கும் ஏற்பாட்டைத்தான் ஆரக்கிள் என்கிறார்கள். நாம் படிப்பது விலையை அன்று, ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் அலகில் சொல்லிவிட்டுப் போன சொல்லை. இந்த வேறுபாட்டை எழுத்தில் பலமுறை வாசித்திருந்தும், அந்தச் சனிக்கிழமைக்கு முன்பு என் நிரலில் அது எங்கும் இடம்பெறவில்லை.

செயின்லிங்க் என்ற ஆரக்கிள் வலையின் ஃபீட் ஒன்றிடம், அதாவது ஒரு பொருளின் விலையைத் தொடர்ந்து எழுதிவரும் பதிவிடம், விலை கேட்பதற்கான வழி 'லேட்டஸ்ட்ரவுண்ட்டேட்டா' என்ற செயற்கூறு. அது ஐந்து மதிப்புகளைத் தருகிறது: சுற்று எண் (விலை எழுதப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று), விடை, சுற்று தொடங்கிய நேரம், விடை புதுப்பிக்கப்பட்ட நேரம், விடை எந்தச் சுற்றில் கணிக்கப்பட்டது என்ற எண். கடைசியாகச் சொன்னது இப்போது கைவிடப்பட்டுவிட்டது; பழைய நிரல்களில் அதை வைத்துச் சோதிக்கும் வரிகளைப் பார்க்கலாம், அவற்றால் இன்று பயன் இல்லை. பெரும்பாலான புதியவர்கள் இரண்டாவது மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் காற்புள்ளிகளுக்கு நடுவே வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், சோதனைகளும் தேறும்.

நான் அப்படி விடவில்லை. நான்காவது மதிப்பை, அதாவது புதுப்பிக்கப்பட்ட நேரத்தை எடுத்து, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பரிவர்த்தனையை நிராகரிக்கும்படி எழுதியிருந்தேன். பிழை அதற்கு அடுத்த அடியில் நடந்தது. ஒவ்வொரு ஃபீடும் இரண்டு நிபந்தனைகளின் கீழ் புதுப்பிக்கப்படுகிறது. விலை ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்தால் உடனே எழுதப்படும். நகராவிட்டாலும் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒருமுறை எழுதப்படும். இரண்டாவதை இதயத்துடிப்பு என்றே அழைக்கிறார்கள். எத்தீரியம் முதன்மை வலையில் அந்த வலையின் நாணயமான ஈத்தரின் டாலர் விலையைத் தரும் ஃபீடுக்கு அந்த விழுக்காடு 0.5, துடிப்பு ஒரு மணி நேரம். நிலை நாணயங்களின் ஃபீடுக்கோ துடிப்பு ஏறத்தாழ ஒரு முழு நாள், ஏனென்றால் ஒரு டாலரை ஒட்டியே நிற்கும் ஒன்றை மணிக்கு மணி எழுதுவது வீண் செலவு. என்னுடைய ஒரு மணி நேர வரம்பு யூஎஸ்டிசி என்ற நிலை நாணயத்தின் ஃபீடை நாளின் பெரும்பகுதி நிராகரித்தது. அந்த எரிச்சலில், எல்லா ஃபீடுகளுக்கும் பொதுவாக வைத்திருந்த அந்த ஒரே மாறிலியை 24 மணி நேரமாக உயர்த்தினேன். சோதனைகள் எல்லாம் பச்சையாக மாறின. அந்தப் பச்சைக்கு நான் கொடுத்த விலை, ஈத்தர் ஃபீட் 23 மணி நேரம் செத்துக் கிடந்தாலும் ஒப்பந்தம் அதை உயிருள்ளதாக ஏற்கும் என்பது.

சோதனைகள் இதைக் காட்டாமல் போனதற்கும் காரணம் உண்டு. வலையின் நகலை எடுக்கும்போது, முடிவுகள் மாறாமல் இருப்பதற்காக ஒரு குறிப்பிட்ட தொகுதியில், அதாவது சங்கிலியில் சேர்ந்த பரிவர்த்தனைக் கட்டு ஒன்றில், ஆணியடித்து வைப்பது வழக்கம். என் வழக்கமான சோதனைகளுக்கு நான் ஆணியடித்திருந்த தொகுதி ஒரு புதன்கிழமையைச் சேர்ந்தது. என் சோதனைகளின் உலகில் எப்போதும் புதன்கிழமைதான். விலைகள் எப்போதும் சில நிமிடங்களுக்கு முன் எழுதப்பட்டவைதான். ஒப்பந்தங்களைச் சோதிக்கும் கருவியான ஃபவுண்ட்ரியில் நேரத்தை முன்னே தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. விலை மாறாமல் நேரம் மட்டும் நகர்ந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஃபீடுக்கும் தனித்தனியே எழுதிப் பார்க்காத சோதனைத் தொகுப்பை இப்போது நான் சோதனைத் தொகுப்பாகவே கருதுவதில்லை.

தங்கத்தில் இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இருந்தது. உலகத் தங்கச் சந்தை அமெரிக்கக் கிழக்கு நேரப்படி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மூடி, ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்குத் திறக்கிறது. நம் கடிகாரத்தில் அது சனிக்கிழமை அதிகாலை முதல் திங்கட்கிழமை அதிகாலை வரை. இத்தகைய ஃபீடுகளைச் சந்தை நேரத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் சந்தை மூடியிருக்கும்போதும் துடிப்பின் காரணமாக வெள்ளிக்கிழமை விலையே புதிய நேர முத்திரையுடன் மீண்டும் எழுதப்பட வாய்ப்பு இருக்கிறது என்று கொண்டுதான் நாம் நிரல் எழுத வேண்டும். அப்போது நேரத்தைச் சோதிக்கும் வரி உண்மையாகவே தேறும், விலையோ பழையதாகவே இருக்கும். எழுதப்பட்ட நேரம் வேறு, விலை பிறந்த நேரம் வேறு. ஒப்பந்தத்துக்குக் கிழமை தெரிய வேண்டும் என்ற எளிய உண்மையை எந்தப் பயிற்சிப் பாடமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சொல்லித் தந்த ஒருவர் இருந்தார், பிளாக்செயின் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, தேவகோட்டையில் சிறிய அடகுக் கடை வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு வளவில் இருந்த மரப்பெட்டியை ஒழித்தபோது, பேரேடுகளோடு ஒல்லியான ஒரு நோட்டும் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி: சவரன் விலை, 22 கேரட்டா 24 கேரட்டா என்ற குறிப்பு, சொன்னவர் யார், கேட்ட மணி. சில வரிகளில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. கடையில் கணக்கெழுதியவரிடம் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். "அன்னைக்கு விலை சரியா வரலைன்னு அர்த்தம் தம்பி. ஐயா வெலைய மட்டும் கேக்க மாட்டாக. யாரு சொன்னாக, எப்பச் சொன்னாகன்னு கேப்பாக. சரியாத் தெரியலைன்னா அன்னைக்கு மீட்க வர்றவுகளுக்கு மட்டுந்தான் பெட்டியத் தெறப்பாக, புது அடகு எடுக்க மாட்டாக" என்றார்.

இந்த மண்ணுக்கு இது புதிய பழக்கம் அன்று. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், ரங்கூனில் முகல் தெருவில் இருந்த தங்கள் கோயிலில் மாதந்தோறும் கூடி, நடப்பு வட்டி எவ்வளவு என்று முடிவு செய்தார்கள். பல கடைகளின் மேலாட்கள் அறிந்ததை ஓரிடத்தில் வைத்து, ஒரே எண்ணாக்கி, அடுத்த கூட்டம் வரை அதன் பேரில் கணக்கெழுதினார்கள். இன்றைய ஆரக்கிள் வலையும் இதைத்தான் செய்கிறது: பல முனையங்கள் தனித்தனியே விலையைத் திரட்ட, அவற்றின் இடைநிலை மதிப்பு சங்கிலியில் எழுதப்படுகிறது. சராசரிக்குப் பதில் இடைநிலையை எடுப்பதால், ஓரிருவர் அபத்தமான எண்ணைச் சொன்னாலும் விடை அசையாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கோயிலில் கூடியவர்களுக்கு அந்த எண் எப்போது முடிவானது, எப்போது காலாவதியாகும் என்பது நினைவிலேயே இருந்தது. ஒப்பந்தத்துக்கு நாம் எழுதித் தராத எதுவும் நினைவில் இருக்காது.

ஐயா தம் நோட்டில் சவரன் என்று குறித்திருந்த அலகு, தனியாகப் பேச வேண்டிய ஒன்று. தங்க ஃபீட் தருவது ஒரு டிராய் அவுன்சின் விலை, அதாவது 31.1035 கிராமின் விலை. நம் சவரன் 8 கிராம். அவுன்ஸ் விலையைச் சவரன் விலையாக யாரேனும் படித்துவிட்டால் அடமானம் ஏறத்தாழ 3.9 மடங்கு மிகையாக மதிப்பிடப்படும். இதற்கு மேல் தசம இடங்கள் வருகின்றன. இத்தகைய ஒப்பந்தங்களை எழுதும் சொலிடிட்டி மொழியில் பின்ன எண்களைக் கையாள முடியாது. எல்லாம் முழு எண்களே, புள்ளி எங்கே என்பதை நாம் தனியே அறிந்திருக்க வேண்டும். டாலரில் சொல்லப்படும் ஃபீடுகளுக்குப் பொதுவாக 8 இடங்கள், ஈத்தரில் சொல்லப்படுபவற்றுக்கு 18, யூஎஸ்டிசி நாணயத்துக்கு 6, ஈத்தருக்கு 18. எட்டு என்று நிரலில் எழுதிவிடாமல், ஃபீடிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றே பாதுகாப்பு. பெருக்கலை முதலில், வகுத்தலைக் கடைசியில் செய்ய வேண்டும். முன்னதாக வகுத்தால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துபோகும். விடை குறியுள்ள எண்ணாகத் தரப்படுவதையும் கவனிக்க வேண்டும். விலை எப்படிப் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று கேட்பவர்களுக்கு 2020 ஏப்ரல் 20 நினைவிருக்கட்டும். அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பீப்பாய்க்குக் கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. எதிர்ம எண்ணைச் சோதிக்காமல் குறியற்ற எண்ணாக மாற்றினால், அது கற்பனைக்கு எட்டாத பெரிய நேர்ம எண்ணாகிவிடும்.

இந்தத் தவறுகளால் நடந்த இழப்புகள் பதிவில் இருக்கின்றன. 2019 ஜூனில் சிந்தெடிக்ஸ் என்ற பிளாக்செயின் நிதி அமைப்பில் கொரிய நாணயமான வானின் விலை, மூலங்களில் ஒன்று பிழைபட்டதால், உண்மையைப் போல் ஆயிரம் மடங்கு வந்துவிட்டது. 2020 நவம்பர் 26 அன்று ஒரே ஒரு சந்தையில் ஒரு டாலரை ஒட்டி நிற்க வேண்டிய டாய் நாணயம் 1.30 டாலர் வரை ஏறியதை நம்பி, காம்பவுண்ட் என்ற கடன் அமைப்பில் ஏறத்தாழ 9 கோடி டாலர் மதிப்புள்ள அடமானங்கள் கலைக்கப்பட்டன, அதாவது கடனுக்கு ஈடாக விற்கப்பட்டன. 2022 மே மாதம் லூனா என்ற கிரிப்டோ நாணயம் சரிந்தபோது, வீனஸ் என்ற கடன் அமைப்பு படித்த ஃபீட் 0.107 டாலரில் நின்றுவிட, சந்தையில் விலை அதற்கு வெகு கீழே போயிற்று. மலிவாக லூனாவை வாங்கி, நின்றுபோன விலையில் அடமானம் வைத்துக் கடன் எடுத்தவர்களால் 1.1 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. தங்கள் பணத்தை அங்கே சேமிப்பாகப் போட்டிருந்தவர்களுக்கு அந்த நாளின் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்காமல் இந்த எண்களைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

வேறொரு வகை இருக்கிறது. அதில் ஆரக்கிள் உண்மையைத்தான் சொன்னது. 2022 அக்டோபரில் மாங்கோ என்ற கிரிப்டோ வர்த்தக அமைப்பில், ஆழம் இல்லாத, அதாவது வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள, ஒரு டோக்கனின் விலையை ஒருவரே வாங்கிக் குவித்துப் பல மடங்கு உயர்த்தி, உயர்ந்த அந்த மதிப்பைக் காட்டி 11 கோடி டாலருக்கு மேல் எடுத்துச் சென்றார். அந்த நேரத்தில் சந்தை விலை அதுதான். நேரம் புதியது, அலகு சரி, குறியும் சரி. சந்தையின் ஆழத்தைச் சாதாரண விலை ஃபீட் சொல்வதில்லை. 2020 பிப்ரவரியில் பிஇசட்எக்ஸ் என்ற கடன் அமைப்பின் மேல் நடந்த தாக்குதல்களில், ஒரே பரிவர்த்தனைக்குள் பெருந்தொகையைக் கடன் வாங்கி, நாணயங்களை மாற்றிக்கொள்ள நிதி சேர்த்து வைத்த பரிமாற்றக் குளத்தின் விலையைச் சாய்த்து, சாய்ந்த விலையில் லாபம் பார்த்து, கடனையும் திருப்பிவிட்டார்கள். பரிமாற்றக் குளம் ஒன்றின் கணநேர விலையை நேரடியாகப் படிக்கும் ஒப்பந்தத்தை இன்று எவரேனும் எழுதினால், அதை வெளியிட வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன்.

கணநேர விலைக்கு மாற்றாக வந்தது காலச் சராசரி. யூனிஸ்வாப் என்ற பரிமாற்ற அமைப்பின் 2020 பதிப்பு, ஒவ்வொரு விலையும் எத்தனை நொடி நின்றது என்பதைப் பெருக்கித் திரட்டிக்கொண்டே போகும். இரு தருணங்களின் திரட்டைக் கழித்துக் காலத்தால் வகுத்தால் இடைப்பட்ட சராசரி கிடைக்கும். ஒரு கணத்துக்கு விலையைச் சாய்ப்பவரால் சராசரியை அதிகம் அசைக்க முடியாது. ஆனால் உண்மையான வீழ்ச்சியின்போதும் சராசரி மெதுவாகத்தான் இறங்கும். இதற்கு நம் ரிசர்வ் வங்கி கண்ட தீர்வை நான் மிகவும் மதிக்கிறேன். 2025 ஜூனில் வெளியான தங்க நகைக் கடன் நெறிமுறைகளின்படி, அடமானத் தங்கத்தை முந்தைய 30 நாள்களின் சராசரி முடிவு விலை, முந்தைய நாளின் முடிவு விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். விலை திடீரென ஏறினால் சராசரி காக்கும். திடீரென இறங்கினால் நேற்றைய விலை காக்கும். கடன் ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொருவரும் இதிலிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம்: அடமானத்துக்குக் குறைந்த விலையையும், கடனுக்கு உயர்ந்த விலையையும் எடுப்பது. பித் என்ற மற்றோர் ஆரக்கிள் விலையோடு அதன் ஐயப்பாட்டு அளவையும் சேர்த்தே தருகிறது. அங்கே அடமானத்துக்கு விலையிலிருந்து அந்த அளவைக் கழித்தும், கடனுக்குக் கூட்டியும் கொள்வது இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம். பித்தில் விலையைச் சங்கிலிக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் பயனரே என்பதால், நாம் அனுமதிக்கும் கால அளவுக்குள் தமக்குச் சாதகமான புதுப்பிப்பை அவர் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்த்தே அந்த அளவைச் சுருக்க வேண்டும்.

இத்தனை சோதனைகளும் எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை தோற்றால் ஒப்பந்தம் என்ன செய்ய வேண்டும்? பரிவர்த்தனையை ரத்து செய்துவிடுவது என்பதே எல்லோரும் எழுதும் விடை, நானும் அதையே எழுதியிருந்தேன். விலை படிக்கும் செயற்கூறு ஒன்று, அது தோற்றால் எல்லாம் நின்றுவிடும். அப்படி நின்றபோது கடனைத் திருப்பிக் கட்ட வந்தவருக்கும் கதவு அடைக்கப்பட்டது என்பதைச் சோதனையில்தான் கண்டேன். திருப்பிக் கட்டுவதற்கு விலை எதற்கு? கூடுதல் அடமானம் வைப்பதற்கு விலை எதற்கு? கணக்கெழுதியவர் சொன்ன கோடு போட்ட நாள்களில் ஐயா செய்தது இதைத்தான்: மீட்க வந்தவருக்குப் பெட்டியைத் திறந்தார், புது அடகை மறுத்தார். ஒப்பந்தத்தின் செயல்களை அன்று நான் விலை தேவைப்படுபவை, தேவைப்படாதவை என இரண்டாகப் பிரித்தேன். திருப்பிக் கட்டுதலும் அடமானம் கூட்டுதலும் ஆரக்கிளைத் தொடவே கூடாது. புதுக் கடனும், கடன் நிலுவையில் இருக்கும்போது அடமானத்தை எடுப்பதும் ஐயமற்ற விலையின்றி நடக்கக் கூடாது.

நடுவில் சிக்கிக்கொள்வது அடமானத்தைக் கலைக்கும் செயல். நம்ப முடியாத விலையில் கலைத்தால், தவறு செய்யாத ஒருவர் தம் தங்கத்தை இழப்பார். கலைக்காமல் காத்திருந்தால், விலை உண்மையாகவே விழுந்துகொண்டிருக்கும்போது கடன் கொடுத்தவர்களின் பணம் கரையும். 2020 மார்ச் 12 அன்று ஈத்தர் சரிந்தபோது, வலை நெரிசலில் ஏலம் கேட்பவர்கள் வர முடியாமல், மேக்கர் என்ற கடன் அமைப்பில் ஏறத்தாழ 83 லட்சம் டாலர் மதிப்புள்ள அடமானம் பூச்சிய விலைக்குப் போயிற்று என்பதை நினைத்தால், காத்திருப்பதும் விரைவதும் எளிய முடிவுகள் அல்ல. ஈத்தர் போன்ற ஓயாத சந்தைக்கு, இரண்டாவது ஆரக்கிள் ஒன்றை மாற்றாக வைத்து, இரண்டும் ஒரு வரம்புக்குள் ஒத்துப்போனால் மட்டும் கலைப்பது என்று வைத்தேன். தங்கத்துக்கு வார இறுதியில் கலைப்பை முற்றிலும் நிறுத்தினேன். தங்க டோக்கன்கள் வார இறுதியிலும் பரிமாறப்படுகின்றன, அந்த விலையைப் பயன்படுத்தலாமே என்று உடன் பணியாற்றியவர் கேட்டார். மெலிந்த சந்தையின் விலையை வைத்து ஒருவருடைய தங்கத்தை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இரண்டு நாள் ஆபத்துக்கு ஈடாக, தங்கத்தின் மேல் கொடுக்கும் கடன் விழுக்காட்டையே குறைத்தோம். கடன் வாங்குபவருக்கு அது சற்றுக் குறைவான தொகைதான், என்றாலும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்த தொகை.

திங்கட்கிழமை அதிகாலை மட்டும் மீதி இருந்தது. சந்தை திறந்தவுடன் வரும் முதல் விலை, இரண்டு நாள் செய்திகள் அனைத்தையும் ஒரே தாவலில் சுமந்து வரக்கூடும். கடன் வாங்கியவர் தூக்கத்தில் இருக்கும் அந்த நேரத்தில், கலைப்பதற்காகக் காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் விழித்தே இருக்கும். எத்தீரியத்தின் மேல் அமைந்த ஆர்பிட்ரம் போன்ற இரண்டாம் அடுக்கு வலைகளில், பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் கணினி செயலிழந்து மீண்டால், கலைப்பைத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் பொறுக்கும் வழக்கம் உண்டு. மீண்டும் வலைக்குள் வந்தவர்கள் தங்கள் கணக்கைச் சரிசெய்துகொள்ள அது அவகாசம் தருகிறது. அதே காத்திருப்பை நான் தங்கத்துக்கும் வைத்தேன். சந்தை திறந்து குறைந்தது இரண்டு புதிய சுற்றுகள் எழுதப்பட்டு, முதல் சுற்றிலிருந்து ஒரு மணி நேரமும் கடந்த பிறகே கலைப்பு தொடங்கும். அடமானம் கூட்டுவதற்கோ அந்த ஒரு மணி நேரமும் கதவு திறந்திருக்கும். கோடைகாலத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறும்போது நம் நேரம் மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையே நகர்வதால், திறக்கும் நேரத்தை நிரலில் நிலையாக எழுதாமல், சுற்றுகள் வருவதை வைத்தே கணித்துக்கொள்ளுமாறு செய்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, அந்த முதல் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதை ஐயாவின் நோட்டில் மீதமிருக்கும் வெற்றுத் தாளில் குறித்துக்கொள்ளப் போகிறேன்.